ஐந்து பேர் சொன்ன சட்டை

என் மகள் மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கைபேசியில் வருகிற செய்தியை எப்போது நம்புவது, எப்போது நம்பாமல் விடுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இப்போது அவளுடைய வேலைகளில் ஒன்று. எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பாடம் இல்லை, பட்டுத் தெளிவதுதான். போன மாதம் ஒருநாள் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். கடல் பொங்கப் போகிறது என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றியதாம். பொய்ச் செய்தி. அதை வகுப்பில் விளங்கப்படுத்தப் போனால், முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், எனக்கு அஞ்சு குறூப்பில வந்தது. அஞ்சு பேருமோ பொய் சொல்லுவினம்?" என்று கேட்டுவிட்டதாம்.

எனக்குக் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர் புரைக்கேறிவிட்டது.

"சிரிக்காதேங்கோ அம்மா. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"நீ ஒண்டும் சொல்லாதை. என்னைக் கூட்டிக்கொண்டு போ."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கடையில் சாமான் சரை சுற்றித் தந்த பேப்பரிலும் மனிதர்களின் வாயிலும்தான். ஆனால் இந்த ஒரு பாடத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. ஒன்பது வயதில், ஒரு சனிக்கிழமை காலையில், என் சொந்த மாமாவைச் சாகடித்தவள் நான். மத்தியானத்துக்குள் ஐந்து பேர் வந்து அதை எனக்கே உறுதிப்படுத்தினார்கள். நானும் நம்பி, எல்லாரையும் விடப் பெரிதாக அழுதேன்.

அப்போது நாங்கள் தாழ்வுபாட்டில் இருந்தோம். சண்டை தொடங்கியிருந்த காலம். கடல் எங்கள் வாசலில்தான் கிடந்தது, ஆனால் அது எங்களுடையதாக இருக்கவில்லை. விடிந்த பிறகு போகலாம், பின்நேரம் மூன்று மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கடலில் நிற்கிறவனின் உயிருக்கு மாதாதான் பொறுப்பு. தூரத்தில் நேவிக் கப்பல் ஒரு கறுத்தப் பூச்சி மாதிரி எந்த நேரமும் நிற்கும். அதைப் பார்க்காதது போல எல்லாரும் மீன் வெட்டினார்கள், கிழிந்த வலை பொத்தினார்கள், கலியாணம் பேசினார்கள்.

அந்த வருசம் தொழில் இல்லாமல் கிடந்த மாதங்களுக்காக, கோயில் மூலமாக நிவாரணத் துணி வந்தது. வெள்ளையில் நீலக் கட்டம் போட்ட துணி. எங்கள் ஊருக்கு மட்டுமல்ல, கரையோரம் முழுக்க அதே துணிதான். கோயில் பாதிரியாரான சுவாமி பங்கு போட்டுக் கொடுத்தார். ஆம்பிளைகள் எல்லாருக்கும் நீலக் கட்டச் சட்டை, மிஞ்சியதில் சிறுமிகளுக்குப் பாவாடை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஊரே ஒரே நிறத்தில் முழங்காலில் நிற்கும். "சுவாமி இப்ப எங்களை எண்ணுறது சுகம்" என்று அப்பா பகிடி விடுவார்.

மாமா என்று நான் சொல்வது அம்மாவின் தம்பியை. எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவு. உயிரோடு துள்ளுகிற திருக்கையை வாலில் பிடித்துத் தூக்கி வருகிற ஆள் என்று ஊரில் பெயர். மாமிக்கும் ஒரு பெயர் இருந்தது: சந்தேகக்காரி. கடைக்காரர் தராசில் சீனி நிறுத்துக் கொடுத்தால், அதை வாங்கிக் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். மழை வருகுது என்று யாராவது சொன்னால் முற்றத்தில் கையை நீட்டிப் பார்ப்பார். "உவளுக்கு உயிர்த்த ஆண்டவரும் காயத்தைக் காட்டினால்தான்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பா. மாமி கோபிக்க மாட்டார். "காட்டினவர்தானே மச்சாள், என்ன குறைஞ்சு போனார்?" என்பார்.

அந்தச் சனிக்கிழமை காலை கரையில் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டுக்குக் காகம் கலைக்க என்னை விட்டிருந்தார்கள். காகம் இல்லாத நேரத்தில் கரையோரமாகச் சிப்பி பொறுக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் போய்விட்டேன். அங்கே கடற்சாதாழைப் பாசிக்குள் சிக்குப்பட்டு ஒரு சட்டை கிடந்தது. நீலக் கட்டம். ஒரு கை மட்டும் அலையோடு எழும்பி எழும்பி விழுந்தது, யாரோ கூப்பிடுவது போல. நான் கிட்டப் போகவில்லை. பயத்தில் திரும்பி ஓடி வந்தேன்.

வழியில் மீன்கார அக்கா கடகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தா.

"என்ன பிள்ளை, பேயைக் கண்டனியோ?"

"எங்கட மாமாவின்ர சட்டை மாதிரி ஒரு சட்டை கரையில கிடக்குது அக்கா."

இவ்வளவுதான் நான் சொன்னது. மாமாவின் சட்டை மாதிரித்தான் அப்பாவின் சட்டையும், மீன்கார அக்காவின் புருசனின் சட்டையும் இருந்தது. ஏன், நான் உடுத்தியிருந்த பாவாடையே அதே துணி. ஆனால் பிள்ளைக்கு முதலில் வாயில் வருவது பிரியமானவரின் பெயர். மாமா அன்று விடியும்போதே புறப்பட்டுப் போனதை நான் பாயில் கிடந்தபடி கேட்டிருந்தேன்.

அக்கா "கர்த்தரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வழமையை விட வேகமாக நடந்தா. நான் திரும்பிப் போய்க் காகம் கலைத்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பழஞ்சோறு தின்றேன். சட்டையை மறந்தே போனேன்.

கறுப்பாய்ச் சத்தி, அதுதான் வாந்தி, எடுத்தவனைக் காகம் காகமாய்ச் சத்தி எடுத்தான் என்று ஊர் சொன்ன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் காகம் கலைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் காகம் ஊரெல்லாம் பறந்துகொண்டிருந்தது.

மத்தியானம் முதலில் வந்தவர் கடைக்கார அண்ணை. வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று அம்மாவிடம், "தம்பியின்ர சட்டை கரை ஒதுங்கியிருக்காம்" என்றார். அம்மா கையிலிருந்த அகப்பையோடு அப்படியே இருந்துவிட்டா. பின்னால் கிணற்றடியிலிருந்து ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு வந்தாள், சட்டையில் இரத்தமாம். சைக்கிளில் ஒருவர் வந்தார். சட்டையில் துப்பாக்கிச் சூட்டு ஓட்டை இருக்காம். நாலாவதாக வந்தவர் வள்ளம் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டவர்களையே தெரியும் என்றார். மாமாவும் அவருடைய கூட்டாளியும் போகிற வள்ளம் அன்று உண்மையாகவே இன்னும் வந்திருக்கவில்லை. மற்ற வள்ளங்கள் எல்லாம் வந்துவிட்டன. ஐந்தாவதாகக் கோயில் மணி அடிக்கிற ஐயா வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, துக்க மணியை இப்போது அடிக்கிறதோ, பிரேதம் வந்த பிறகு அடிக்கிறதோ என்று மரியாதையாகக் கேட்டார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். ஐந்து பேர். எனக்கு அந்தச் சட்டை ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் நான் கண்டது 'மாதிரி' ஒரு சட்டை. இவர்கள் சொல்வது மாமாவின் சட்டையேதான். நான் இரத்தம் காணவில்லை, இவர்கள் கண்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு என்னை விட வடிவாகத் தெரியும்தானே? என் வாயில் பிறந்த கதைதான் பிள்ளை மாதிரி வளர்ந்து, மீசை வைத்து, வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்திருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. "ஐயோ என்ர மாமா" என்று மண்ணில் புரண்டேன்.

அப்பா கொடியில் கிடந்த சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கரைப்பக்கம் நடந்தார். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்த் தேடப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நேரம் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்ததும் எல்லாருக்கும் தெரியும். அம்மா ஒரு கண்ணால் தம்பிக்கு அழுது, மற்றக் கண்ணால் புருசனைப் பார்த்துக்கொண்டிருந்தா. போகச் சொல்லவும் வாய் வரவில்லை, மறிக்கவும் வாய் வரவில்லை.

அப்போதுதான் மாமி, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலியில் இருந்த பொட்டு இடைவெளிக்குள்ளால் வந்தார். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. ஆனால் அழவில்லை. கடைக்கார அண்ணைக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணை, நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் காணேல்லைப் பிள்ளை. கிணத்தடியில கதைச்சவை."

"நீ கண்டனியோ?"

கிணற்றடிப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சைக்கிள்காரர்தான் அக்கா சொன்னவர்" என்றாள். சைக்கிள்காரர் அவசரமாகக் கடைக்கார அண்ணையைக் காட்டினார். கடைக்கார அண்ணை, "நான் இரத்தமெண்டு சொல்லேல்லையே!" என்று துள்ளினார்.

"வள்ளம் கவிண்டதைக் கண்டது ஆர்?"

வள்ளம் சொன்னவர் தலையைச் சொறிந்தார். "கவிண்டிருக்கும் எண்டுதான்... சட்டை வந்தால் பிறகு என்ன?"

"அப்ப சட்டை எங்க?"

இரத்தம் தெரிந்தது, ஓட்டை தெரிந்தது, சட்டை எங்கே கிடக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று மற்ற நாளெல்லாம் மூச்சுக்கு மூச்சுச் சொல்கிற ஊர் அது. தேவைப்பட்ட அன்று பழமொழியும் கடலுக்குப் போய்விட்டது போல.

"துக்க மணி அடிச்சியளெண்டால் கயித்தை அறுப்பன்" என்று மணி அடிக்கிற ஐயாவுக்குச் சொல்லிவிட்டு மாமி நடந்தார். பின்னால் நாங்கள் எல்லாரும். கடைக்கார அண்ணைக்குக் காலையில், கிணற்றடிக் கதைக்கும் முன்னமே, சொன்னது மீன்கார அக்கா என்று வழியில் தெரிய வந்தது. ஊர்வலம் அவ வீட்டுக்குத் திரும்பியது. நான் வாலில் ஒப்பாரியோடு போனேன்.

மீன்கார அக்கா பாதிக் குளிப்பில் வெளியே வந்தா.

"நான் காணேல்லையடி தங்கச்சி. எனக்கு இந்தா, இவள்தானே சொன்னவள்!"

அவ நீட்டிய விரல் கூட்டத்தைக் கடந்து, பின்னுக்கு வந்து, என்னில் நின்றது. என் ஒப்பாரி பாதியில் நின்றுவிட்டது. அவ்வளவு பேரும் திரும்பி, நீலக் கட்டப் பாவாடையோடு நின்ற என்னைப் பார்த்தார்கள்.

"நான் மாதிரி எண்டுதான் சொன்னனான்" என்றேன். அதுவும் பாதிதான் வெளியில் வந்தது.

மாமி அடிக்கவில்லை. என் கையை முறுக்கிப் பிடித்தார். "எங்கையடி கிடக்கு? காட்டு."

ஓடினோம். மாமியின் இடுப்பில் இருந்த பிள்ளை இது ஏதோ விளையாட்டென்று சிரித்துக்கொண்டு வந்தது. அலை கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. சட்டை சாதாழையோடு ஈர மணலில் கிடந்தது. இரத்தமும் இல்லை, ஓட்டையும் இல்லை. மாமி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, சட்டையை உதறி, உட்பக்கம் புரட்டி, பொத்தான் ஒன்றைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு அடுத்த பொத்தான். பிறகு அடுத்தது.

கடை நூல் உப்புத் தண்ணிக்கு நிற்காது என்பது மாமியின் கொள்கை. அவர் மாமாவின் பொத்தான்களை வலை பொத்துகிற நைலோன் நூலால் தைத்து, வலைக்குப் போடுகிற முடிச்சையே போட்டு வைப்பார். "பொத்தானைப் பிய்ச்சாலும் முடிச்சைப் பிய்க்கேலாது" என்று மாமா முறைப்படுவார். இந்தச் சட்டையின் பொத்தான்கள் கறுத்த நூலால், குறுக்கு மறுக்காக, வேறொருத்தியின் கையால் தைக்கப்பட்டிருந்தன.

மாமி எழும்பி, சட்டையைக் கொடி போல ஆட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணை! இது அவரின்ர இல்லை! வள்ளத்தைத் தள்ளாதேங்கோ!"

அப்பா இடுப்பளவு தண்ணியில் வள்ளத்தின் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு நின்றார். "அப்ப அவன் எங்க?" என்று அங்கிருந்தே கேட்டார். நியாயமான கேள்வி. சட்டை மாமாவுடையது இல்லை என்பதற்காக மாமா வந்துவிட்டதாக ஆகாது.

"எங்கையெண்டு எனக்கும் தெரியாது. ஆனா இந்தச் சட்டை சொல்லுற இடத்தில இல்லை. தெரியாத ஒண்டுக்காக நீங்களும் போய்ச் சாகப் போறியளோ?"

அப்பா கேட்கவில்லை. மாமி நேரே நடந்துபோய், வள்ளத்தைக் கரையில் கட்டுகிற கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, கரையில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். "தள்ளுங்கோ பாப்பம். என்னையும் சேத்து இழுத்துக்கொண்டு போங்கோ." அப்பாவோடு வந்த இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டார்கள். அப்பா தனியே கொஞ்ச நேரம் தள்ளினார். ஒரு அங்குலமும் அசையவில்லை. வள்ளத்தை விட மாமி பாரமாக இருந்தார்.

அந்த நேரத்தில்தான் கடலில் ஒரு புள்ளி தெரிந்தது. மாமாவின் வள்ளம். கரையில் நின்றவர்கள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள். அது கிட்ட வர வர, அதில் ஒரு தலைதான் தெரிந்தது. அம்மா "ஓ" என்று ஒரு சத்தம் போட்டா. மாமியின் கை கயிற்றை இறுக்கிப் பிடித்ததை நான் கண்டேன்.

வந்தவர் மாமாவின் கூட்டாளி. இவ்வளவு சனத்தைக் கரையில் கண்டு அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"அவர் எங்க?" என்றார் மாமி.

கூட்டாளி வானத்தைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். "சொல்ல மாட்டன் எண்டு மாதா மேல சத்தியம் பண்ணினனான்."

அப்பா தண்ணிக்குள்ளால் வந்து அவருடைய சறத்தைக் கொத்தாகப் பிடித்தார்.

"பல்லுப் பிடுங்கப் போயிட்டான்!" என்று கத்தினார் கூட்டாளி. "மன்னார் ஆஸ்பத்திரிக்கு. கடலுக்கே வரேல்ல. குறட்டுக்குப் பயமெண்டு ஊருக்குத் தெரிஞ்சால் வெக்கமாம். தனிய வலையிழுத்துத்தான் நான் பிந்தினனான்!"

திருக்கை வாலுக்குப் பயப்படாத மனிதன், பல்லுக் குறட்டுக்குப் பயந்து, பெண்சாதிக்கும் சொல்லாமல், விடியும்போதே கடலுக்குப் போவது போல வேசம் போட்டுப் போயிருக்கிறார். கரையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு எல்லாரும். மணி அடிக்கிற ஐயா மணலில் விழுந்து சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் அது. அதைப் போல ஒன்றை நான் பிறகு கேட்டதில்லை.

எல்லாரும் மாமி வீட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தால் மாமா சைக்கிளில் வந்தார். ஒரு கன்னம் பனங்காய் மாதிரி வீங்கி, வாய்க்குள் பஞ்சு. தன் வீட்டு வாசலில் ஊரே நிற்பதைக் கண்டதும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, பெண்சாதிக்கோ பிள்ளைக்கோ ஏதோ நடந்துவிட்டதென்று "ங்ஆ... ங்ஆ..." என்று கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்தா. பிறகு விளக்குமாற்றை எடுத்து முதுகில் நாலு வைத்தா. அடியின் காரணம் அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் வாய் இல்லை.

மாமி மட்டும் சிரிக்கவில்லை. கிட்டப் போய், அவருடைய நாடியை நிமிர்த்திப் பிடித்தார்.

"வாயைத் திறவுங்கோ, பாப்பம்."

ஊர் முன்னால் மாமா வாயைத் திறந்தார். மாமி பஞ்சை எடுத்து, வெளிச்சத்துக்குத் தலையைத் திருப்பி, பல்லுப் போன இடத்தைக் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அழுதார். அன்றிலிருந்து மாமியைச் சந்தேகக்காரி என்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மாவும் கடையில் சீனியைக் கையில் தூக்கிப் பார்க்கத் தொடங்கினா.

இதைத்தான் என் மகளின் வகுப்பில் போய்ச் சொன்னேன். பிள்ளைகள் வாங்கில் தட்டிச் சிரித்தார்கள். கதை முடிந்ததும் மகள், அந்த ஐந்து குறூப்பிலும் செய்தியை முதலில் போட்டது யார் என்று பார்த்து வரச் சொன்னாள். அடுத்த நாள் தெரிந்தது: ஐந்துக்கும் போட்டது ஒரே மனிதர், அந்த முன்வாங்குப் பிள்ளையின் சொந்தப் பெரியப்பா. நல்ல மனிதர். எல்லாரும் கவனமாக இருக்கட்டும் என்றுதான் போட்டாராம். எங்கள் மீன்கார அக்காவும் நல்ல மனுசிதான்.

ஆனால் வகுப்பு முடிந்து நான் வாசலைத் தாண்டப் போகையில், அதே பிள்ளை மெதுவாக வந்து ஒன்று கேட்டது.

"அப்ப அந்தச் சட்டை ஆருடையது அம்மம்மா?"

இத்தனை வருசத்தில் இந்தக் கதைக்குச் சிரித்தவர்கள் எத்தனையோ பேர். இதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. அன்று கரையில் நின்ற நாங்களும் கேட்கவில்லை, மாமியைத் தவிர.

மாமி அந்தச் சட்டையை நல்ல தண்ணியில் அலசி, காய வைத்து, ரோட்டுப் பக்க வேலியில் பொத்தான்கள் தெரிகிற மாதிரி விரித்துப் போட்டார். என் பாவாடை முழங்காலில் கிழிந்திருந்தது. ஒட்டுப் போட அதில் ஒரு துண்டு கேட்டேன். "தொடாதை" என்றார். மீன்கார அக்கா போகிற இடமெல்லாம் சொல்லியிருக்க வேண்டும், இந்த முறை கூட்டாமல் குறைக்காமல். கடலுக்குப் போன ஆள் திரும்பாத வெளியூர்ச் சனங்கள் வரத் தொடங்கினார்கள். வங்காலைப் பக்கத்திலிருந்து இரண்டு பேர். எருக்கலம்பிட்டியிலிருந்து முக்காடிட்ட ஒரு தாய், ஒரு சின்னப் பெடியனோடு. முசலிப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி ஒரு கிழவர். வந்தவர்கள் வேலியடியில் நின்று, பொத்தானைப் புரட்டி, நூலை நகத்தால் தடவி, கழுத்துப்பட்டியின் தையலை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு தலையாட்டி, "எங்கட இல்லை" என்றார்கள். மாமி கொடுத்த தண்ணியைக் குடித்தார்கள்.

எருக்கலம்பிட்டித் தாய் குடித்துவிட்டுச் சிரித்தா. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றா. போகையில் பெடியனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினா.

மாரி வந்து நீலக் கட்டம் வெளிறும்வரை சட்டை வேலியில்தான் கிடந்தது. நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலுக்குள் அவ்வளவு தூரம் வந்து, நல்ல சட்டை ஒன்று கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள், ஏன் எல்லாரும் அவ்வளவு சந்தோசமாகப் போகிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை.